ஆக்னஸ் செய்தாரா, கண்டாரா?

ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விஷயம் நிச்சயம் கிடைக்கும். கையில் ஒரு துண்டுச் செடி, காதில் ஒரு சண்டைக் கதை. எந்தப் பூவுக்கு எது தாய், யார் முதலில் கலந்தது, எந்தப் பெயர் சரி என்று அந்தப் பேச்சு போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொழுதுபோகாதவர்களின் வம்பு. ஆனால் அந்த வம்புகளில் ஒன்று சிங்கப்பூரின் தேசியப் பூவைப் பற்றியது. அதில் தாவரவியல் பேராசிரியர்கள் இருந்தார்கள், வரலாற்றாய்வாளர்கள் இருந்தார்கள், ஒரு குடும்பத்தின் வாரிசுகளும் இருந்தார்கள். சண்டை மொத்தமும் ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக. வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற பூவை ஆக்னஸ் ஜோவாக்கிம் உருவாக்கினாரா, கண்டெடுத்தாரா?

நான் சின்ன வயதில் கேட்ட கதை 'கண்டெடுத்தார்' என்பதுதான். ஒரு பெண்மணி காலையில் தன் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். மூங்கில் புதருக்கு நடுவே அதுவரை யாரும் பார்க்காத ஒரு பூ. அதை எடுத்துக்கொண்டு பூமலைக்குப் போனார். அவ்வளவுதான் கதை. அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகே பிரச்சினை என்பது பின்னால் வரும்.

தஞ்சோங் பகார் தோட்டம்

ஆக்னஸ் 1854-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஆர்மீனியக் குடும்பம். தந்தை பார்சிக் ஜோவாக்கிம் வணிகர். ஆர்மீனிய மொழியில் அவர் பெயர் அஷ்கென் ஹோவாகிமியான். அந்தச் சமூகம் அன்றைக்கு இங்கே ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. ஆனால் ஹில் ஸ்திரீட்டில் 1835-ல் கட்டிய தேவாலயம், 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ், 1887-ல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டல் என்று மூன்றிலும் ஆர்மீனியர் கை உண்டு.

ஆக்னஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தஞ்சோங் பகாரில் இருந்த குடும்ப வீட்டின் தோட்டம்தான் அவர் உலகம். அக்காலத்தில் சிங்கப்பூரில் நடந்த மலர்க் காட்சிகளில் அவர் தொடர்ந்து கலந்துகொண்டு பரிசு வாங்கினார். அதாவது, மூங்கில் புதர்க் கதையில் வருகிற மாதிரி சும்மா உலாவ வந்த சீமாட்டி இல்லை. கையில் மண் ஒட்டியவர்.

அடுத்தவர் ஹென்றி ரிட்லி. 1888-ல் பூமலையின் முதல் இயக்குநராக வந்தவர். நம் ஆட்களுக்கு இவரை வேறு வழியில் தெரியும். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையைச் சோதித்து நிலைநாட்டியவர், தோட்ட முதலாளிகளைப் பால்மரம் நடச் சொல்லி விடாமல் நச்சரித்தவர். அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பைத்தியம் பலித்த பிறகுதான் நம் பாட்டன் பூட்டன்களை ஏற்றிய கப்பல்கள் வரிசையாக மலாயாவுக்கு வந்தன.

1893-ல் ஆக்னஸ் ஒரு பூவை ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி அதை ஆராய்ந்து லண்டனில் வெளியாகும் கார்டனர்ஸ் குரோனிக்கிள் இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அது 1893 ஜூன் 24 இதழில் வந்தது. குறிப்பின் சாரம் இதுதான்: சில ஆண்டுகளுக்கு முன், தோட்டக்கலையில் பெயர்பெற்ற மிஸ் ஜோவாக்கிம் என்ற சிங்கப்பூர்ப் பெண்மணி, இங்கே ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் வளர்கிற வாண்டா ஹூக்கெரியானாவையும் வாண்டா டெரெஸையும் கலப்பதில் வெற்றி பெற்றார். பூவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

கலப்பதில் வெற்றி பெற்றார் என்கிறார் ரிட்லி. கண்டெடுத்தார் என்று சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. டெரெஸ் இமயமலை அடிவாரத்திலிருந்து அஸ்ஸாம், பர்மா வழியாகத் தாய்லாந்து வரை காணப்படுவது. ஹூக்கெரியானா நம்ம ஊர்ச் சதுப்புநிலச் செடி. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் மண்டிக் கிடந்ததால் ஆங்கிலேயர் அதற்குக் 'கிந்தாக் களை' என்றே பெயர் வைத்தார்கள். ஈயக்குட்டைகளுக்குப் பக்கத்தில் களையாக வளர்ந்தது, இன்னொரு நாட்டின் தேசியப் பூவுக்குப் பெற்றோரில் ஒன்றாகிவிட்டது.

செடியின் ஒரு துண்டு இங்கிலாந்துக்குப் போய், சர் ட்ரெவர் லாரன்ஸ் தோட்டத்தில் பூத்து, 1897-ல் அரச தோட்டக்கலைக் கழகத்தின் முதல்தரச் சான்றிதழைப் பெற்றது. 1899-ல் சிங்கப்பூர் மலர்க் காட்சியில், மிக அரிய ஆர்க்கிட்டுக்கான முதல் பரிசை ஆக்னஸே இந்தப் பூவுக்காக வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி இறந்துபோனார். வயது 45.

மூங்கில் புதர் எப்படி முளைத்தது

ரிட்லிக்குப் பின் பூமலை இயக்குநராக வந்த பர்கில் இந்த விவரங்களைப் பரிசீலித்தார். அவரும் இது கையால் செய்த கலப்பு என்றே ஏற்றுக்கொண்டார். கியூ தோட்டத்தில் ஆர்க்கிட்டுக்குப் பெரிய ஆளாக இருந்த ராபர்ட் ரோல்ஃபும் அப்படியே. ஆக, விஷயம் நடந்த காலத்தில் இருந்தவர்களுக்குள் சண்டையே இல்லை.

1928-ல் மலாயன் ஆர்க்கிட் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் மூவர். அப்போது பூமலை இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம், ஆர்மீனியரான எமில் காலிஸ்தான், வழக்கறிஞர் ஜான் லேகாக். இந்த லேகாக்கின் அலுவலகத்தில்தான் பின்னாளில் லீ குவான் இயூ இளம் வழக்கறிஞராகச் சேர்ந்தார். சங்கத்தின் இதழ் மலாயன் ஆர்க்கிட் ரிவ்யூ. ஆர்க்கிட் பேச்சு வார்த்தை, புகழ்ச்சி, பொருமல் எல்லாவற்றுக்கும் அது திண்ணை.

ஹோல்ட்டம் காலத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லிலும் அவரையிலும் இருப்பதுபோல உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை கூடச் சேர்ந்தால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரையும் உப்புகளும் கலந்த பாகில், கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஹோல்ட்டம் அதைப் பூமலைக்குக் கொண்டுவந்தார். சிங்கப்பூர் கலப்பின ஆர்க்கிட்டின் ஊராக மாறியது அதன் பிறகுதான்.

குடுவையில் விதை முளைப்பதைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. குடுவையும் இல்லை, பாகும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. 1890-க்கு முன்னால் தஞ்சோங் பகாரில் ஒரு பெண் இதை எப்படிச் செய்திருக்க முடியும்?

குடும்பத்தாரின் வழியாக வந்த வாய்மொழிக் கதை, அதாவது அந்த மூங்கில் புதர், இந்தச் சந்தேகத்தோடு கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. 1950-களிலிருந்து வெகுஜன எழுத்துகளில் 'கண்டெடுத்தார்' என்பதே நிலைத்துவிட்டது. 1981 ஏப்ரல் 15-ஆம் தேதி, அன்றைய கலாசார அமைச்சர் எஸ். தனபாலன் இந்தப் பூவைத் தேசியப் பூவாக அறிவித்தார். போட்டியில் 40 பூக்கள் இருந்தன, அவற்றில் 30 ஆர்க்கிட். பளிச்சென்ற நிறம், எதையும் தாங்கும் தன்மை, ஆண்டு முழுவதும் பூப்பது ஆகியவை இதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். பூவுக்கு மகுடம் கிடைத்தது. பெயர் கொடுத்தவரோ அதிர்ஷ்டசாலியாகவே இருந்தார்.

தேனீயின் தரப்பு

2002-ல் ஹியூ சோய் சின், யாம் டிம் விங், ஜோசப் ஆர்டிட்டி மூவரும் இந்தப் பூவின் உயிரியலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். ஆர்க்கிட் அறிவியலில் மூவரும் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்கள் முடிவு: இது இயற்கைக் கலப்பு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற அந்தப் பெரிய கருந்தேனீதான் மகரந்தத்தைச் சுமந்திருக்க வேண்டும்.

இந்தத் தரப்பைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. பெற்றோர் செடிகள் இரண்டும் ஒரே தோட்டத்தில், அக்கம்பக்கத்தில் இருந்தன. இரண்டின் பூவும் அந்தத் தேனீ நுழைகிற அளவில் இருக்கின்றன. ஆர்க்கிட்டில் இயற்கைக் கலப்பு அபூர்வம் இல்லை. மனிதக் கை இல்லாமலே விளக்கக்கூடிய ஒன்றுக்கு எதற்கு மனிதக் கை? அறிவியல் மாணவன் எவனும் கேட்கிற கேள்விதான்.

எதிர்த் தரப்பில் முதலில் வந்தவர் நாடியா ரைட் என்ற வரலாற்றாய்வாளர். சிங்கப்பூர், மலேசிய ஆர்மீனியர்களின் வரலாற்றை எழுதியவர். பின்னால் ஆக்னஸின் குடும்ப வழிவந்த லிண்டா லாக்கும், ஹெரால்ட் ஜான்சனும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆர்க்கிட் இதழ்களில் கட்டுரை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று ஆண்டுக்கணக்கில் போனது.

அவர்கள் செய்தது பெரிய மாயாஜாலம் இல்லை. பழைய காகிதத்துக்குத் திரும்பிப் போனார்கள். ரிட்லி என்ன எழுதினார்? பர்கில் குறிப்புகளில் என்ன இருக்கிறது? மலர்க் காட்சிச் செய்திகள் ஆக்னஸைப் பற்றி என்ன சொல்கின்றன?

ஆய்வுக்கூடம் இல்லாமல் முடியாது என்ற வாதமும் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. இங்கிலாந்தில் வீட்ச் நர்சரியின் ஜான் டோமினி கலந்த முதல் ஆர்க்கிட் 1856-லேயே பூத்துவிட்டது. நட்சன் முறைக்கு 66 ஆண்டுகள் முந்தி. பூஞ்சையின் பங்கை நோயல் பெர்னார்ட் கண்டறிந்ததே 1899-ல்தான். பிறகு எப்படி முளைத்தது? விதையைத் தாய்ச்செடியின் அடியிலேயே தூவினார்கள். ஏன் என்று தெரியாமலே சரியான இடத்தில் தூவினார்கள். தேவையான பூஞ்சை அந்த வேர்களில் ஏற்கெனவே இருந்தது. ஆயிரத்தில் ஒன்று இரண்டு பிழைக்கும்.

கலப்பதும் ராக்கெட் வித்தை இல்லை. பூவின் நடுத்தண்டு நுனியில் ஒரு சின்ன மூடி. அதைத் தள்ளினால் மஞ்சள் மணி போல மகரந்தக் கட்டி. பல்குத்தும் குச்சியில் அதை ஒட்டி எடுத்து, இன்னொரு பூவின் பசையுள்ள குழியில் வைத்தால் வேலை முடிந்தது. வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இன்றும் மக்கள் செய்கிறார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். காய் பிடித்து முற்ற மாதங்கள், நாற்று பூக்க ஆண்டுகள். கை நுணுக்கத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. தோட்டத்தையே உலகமாக வைத்திருந்த ஒருவரிடம் அது இல்லாமலா போயிருக்கும்?

மரபணு சொல்வதும் சொல்லாததும்

2011-ல் ஓர் ஆய்வு வந்தது. தாவரங்களில் பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்புக்கென்று தனியாக மரபணு உண்டு. அது பெரும்பாலும் தாயிடமிருந்தே வரும். அதை ஒப்பிட்டுப் பார்த்ததில் டெரெஸ்தான் தாய் என்றும், மகரந்தம் கொடுத்தது ஹூக்கெரியானா என்றும் தெரிந்தது. கிந்தாக் களை அப்பன்.

பலருக்கு இதைக் கேட்டதும் வழக்கு முடிந்ததாகத் தோன்றும். இல்லை. தாய் யார், தந்தை யார் என்று மரபணு சொல்லும். மகரந்தம் குச்சியில் வந்ததா தேனீயின் முதுகில் வந்ததா என்று அதால் சொல்ல முடியாது. இரண்டு வழியிலும் பிறக்கிற செடி ஒன்றுதான்.

என் வேலையில் இதற்கு ஈடான ஒன்று தினமும் நடக்கிறது. கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், உள்ளே கட்டிய கம்பி வரைபடத்தின்படி இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போடுவோம். மறுநாள் அங்கே சாம்பல் நிறத் தூண் மட்டும்தான் இருக்கும். எந்தத் தடிமனில் எத்தனை கம்பி, யார் பார்த்தது என்று தூணைத் தட்டிக் கேட்டால் சொல்லாது. கருவி வைத்துத் துழாவினால் உள்ளே கம்பி இருப்பது தெரியும். யார் பார்த்துச் சரி என்று சொன்னார் என்பது அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னால் எழுதிய தாளுக்கு, ஊற்றி 10 ஆண்டு கழித்துச் சொல்கிற ஞாபகத்தைவிட மதிப்பு அதிகம்.

ஆக்னஸ் விஷயத்தில் அந்தத் தாள் 1893 ஜூன் 24 தேதியிட்ட குறிப்பு. ஆனால் அதிலும் ஓர் இடறல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆக்னஸ் மகரந்தத்தை வைத்தபோது ரிட்லி பக்கத்தில் நின்றிருக்கவில்லை. அவர் செடியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், எழுதினார். அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: ஆக்னஸின் சொல்லை நாம் நம்புகிறோமா?

ரிட்லி நம்பினார். அவர் தாவரவியலாளர். இயற்கைக் கலப்பு என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தக் குறிப்பு அச்சான பிறகு ஆக்னஸ் 6 ஆண்டுகள் அதே ஊரில், அதே மலர்க் காட்சி வட்டத்தில் வாழ்ந்தார். பல ஆண்டு கழித்து வந்த சந்தேகமோ, ரிட்லியின் தாவர அறிவைக் கேள்வி கேட்கவில்லை. ஆக்னஸின் கையைத்தான் கேள்வி கேட்டது.

டோமினி கலந்தார் என்று ஏடு சொன்னால் உலகம் சரி என்கிறது. அவர் நர்சரித் தொழிலாளி, ஆண், அதுதான் அவர் பிழைப்பு. ஆக்னஸ் கலந்தார் என்று ஏடு சொன்னால் 'தேனீயாக இருக்குமோ' என்று கேட்கிறோம். அதே மாதிரி ஏடு, அதே மாதிரி சாட்சி. ஆளைப் பார்த்து ஆதாரத்தின் எடை கூடுகிறது, குறைகிறது. இப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் பெண்களை மட்டம் தட்ட நினைத்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி எந்தப் பக்கம் இயல்பாகச் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

வாய்மொழியை எங்கே வைப்பது?

இலக்கிய வாசகர்களுக்கு இதில் சங்கடம் தரும் ஓர் இடம் இருக்கிறது. நாம் பொதுவாக வாய்மொழி வரலாற்றின் பக்கம் நிற்பவர்கள். துரைமார் எழுதிய ஏட்டில் இல்லாததைத் தோட்டத்துக் கிழவியின் நினைவில் தேடுகிறோம். அது சரியும்கூட. மலாயாத் தமிழர் வரலாற்றில் பாதி அப்படித்தான் மிஞ்சியிருக்கிறது. பால் எடுக்கும் முறைக்கு ரிட்லி பெயர் இருக்கிறது. விடிகாலையில் அந்த முறையில் மரம் வெட்டிய லட்சக்கணக்கானோரின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

ஆனால் இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. காலனி அதிகாரியின் குறிப்பு ஒரு பெண்ணின் உழைப்பை ஒப்புக்கொள்கிறது. பாசத்தோடு சொல்லப்பட்ட குடும்பக் கதை அதை அழிக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் அழிக்கவில்லை. விடிகாலை, தோட்டம், மூங்கில், எதிர்பாராத பூ என்று சொல்வதற்கு நன்றாக இருந்தது. குச்சி, காத்திருப்பு, அழுகிப்போன நாற்றுகள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நல்ல கதை உழைப்பை முதலில் தின்னும். ஏடா வாய்மொழியா என்று கட்சி கட்டுவதைவிட, எது முதலில் சொல்லப்பட்டது, சொன்னவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்று இரண்டிடமும் கேட்பது நல்லது.

2016 செப்டம்பரில் தேசிய மரபுடைமைக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் ஆக்னஸ் ஜோவாக்கிம்தான் இந்தக் கலப்பினத்தை உருவாக்கியவர் என்று ஏற்றுக்கொண்டன. ரிட்லி எழுதி 123 ஆண்டுகள் கழித்து, ரிட்லி எழுதிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

அப்புறம் சண்டை தீர்ந்ததா என்றால், ஆர்க்கிட்காரர்களிடம் அது தீருமா? இந்தப் பூ வாண்டாவே இல்லை என்பது இன்னொரு வழக்கு. இதன் பெற்றோர் இரண்டும் பாபிலியோனாந்தே என்ற பேரினத்தைச் சேர்ந்தவை என்று வகைப்பாட்டியலார் சொல்கிறார்கள். அதன்படி இதன் முறையான பெயர் இன்று பாபிலியோனாந்தே மிஸ் ஜோவாக்கிம். பழைய ஆட்கள் வாண்டா என்றுதான் சொல்வார்கள், புதியவர்கள் திருத்துவார்கள், பழையவர்கள் காது கேட்காத மாதிரி இருப்பார்கள். இதே பெற்றோரை மறுபடி கலந்து பிறந்த செடிகளுக்கும் விதிப்படி இதே பெயர்தான். அதனால் தேசியப் பூ எது என்று குழப்பம் வராமலிருக்க, முதல் செடியின் வழிவந்ததற்கு 'ஆக்னஸ்' என்று தனி அடையாளப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

'ஆக்னஸ்' விதையால் பெருகியது அல்ல. தண்டை வெட்டி நட்டு, அதிலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் நட்டுப் பரவியது. இன்று பூமலையில் வெயிலில் நிற்கிற 'ஆக்னஸ்' செடி எதுவானாலும், தஞ்சோங் பகார் தோட்டத்தில் முளைத்த அந்த ஒற்றை நாற்றின் துண்டுதான். பெயர்ப்பலகையில் மிஸ் ஜோவாக்கிம் என்று போட்டிருக்கும். பெயரிலிருந்து 'மிஸ்' மட்டும் யாரும் எடுக்கப் போவதில்லை. எடுக்கலாமா என்று ஆர்க்கிட்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போய்விடும்.